பக்தாதில் நடந்த தேர்வும் மருந்துச் சீட்டு எனும் அமானிதமும்

மருத்துவம் பயின்று பட்டம் பெற்ற ஒருவர், அதன் பிறகும் மருந்து எழுதுவதற்கெனத் தனியே பயில வேண்டுமா? தொழிலில் இறங்கிவிட்ட பின்னரும் தேர்வுக்கு உட்பட வேண்டுமா? இன்று பல நாடுகள் இக்கேள்விக்கு ‘ஆம்’ என்றே விடை தருகின்றன. மருத்துவர்களுக்கும் மருந்தாளுநர்களுக்கும் செவிலியர்களுக்கும் பட்ட மேற்படிப்பு நிலையில் பாதுகாப்பாக மருந்து எழுதும் பயிற்சியை அவை அளிக்கின்றன. இது அண்மைக் காலத்து ஏற்பாடு என்று நம்மில் பலர் எண்ணக்கூடும். ஆனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்பே இதே கேள்வி பக்தாத் நகரில் எழுந்தது. அது எழுவதற்கு ஓர் உயிர் விலையாயிற்று.

ஓர் எளிய மனிதரின் மரணம்

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931ஆம் ஆண்டு. அப்பாஸியக் கலீஃபா முக்ததிர் ஆட்சி செய்துகொண்டிருந்தார். பொதுமக்களுள் ஒருவர், மருத்துவர் ஒருவர் செய்த தவறினால் இறந்துபோனார் என்ற செய்தி கலீஃபாவின் செவிக்கு எட்டியது. இறந்தவர் அமைச்சரோ தளபதியோ அல்லர். வரலாறு அவருடைய பெயரைக்கூடக் குறித்துவைக்கவில்லை. ஆயினும் அவருடைய மரணம் ஒரு பேரரசின் தலைநகரில் மருத்துவத் தொழிலின் நடைமுறையையே மாற்றியது.

சந்தையையும் தொழில்களையும் கண்காணிக்கும் அதிகாரிக்கு ‘முஹ்தஸிப்’ என்று பெயர். கலீஃபா அவரை அழைத்து, தேர்வு செய்யப்பட்டு எழுத்து மூலம் அனுமதி பெற்றவரைத் தவிர வேறு எவரும் மருத்துவம் செய்யலாகாது என்று ஆணையிட்டார். தேர்வு நடத்தும் பொறுப்பு ஸினான் இப்னு ஸாபித் என்பவரிடம் ஒப்படைக்கப்பட்டது. இவர் புகழ்பெற்ற கணிதமேதை ஸாபித் இப்னு குர்ராவின் மகன். ஹர்ரான் நகரத்து ஸாபியீன் சமயக் குடும்பத்தில் பிறந்து, பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவியவர். ஹிஜ்ரி 306இல் பக்தாதில் கலீஃபாவின் பெயரால் மருத்துவமனை திறக்கப்பட்டபோது அதற்கு ஆலோசனை கூறியவரும் இவரே. சிறைச்சாலைகளுக்கு நாள்தோறும் மருத்துவர்களை அனுப்பவும், மருத்துவர் இல்லாத கிராமங்களுக்கு மருந்துகளோடு ஒரு குழுவை அனுப்பவும் அமைச்சர் அலீ இப்னு ஈஸா கேட்டுக்கொண்டதும் இவரிடமே.

பக்தாதின் இரு கரைகளிலும் இருந்து தேர்வுக்கு வந்தோர் 860க்கும் மேற்பட்டவர்கள் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. திறமைக்குப் பெயர்பெற்றோரும் அரச பணியில் இருந்தோரும் இக்கணக்கில் சேரவில்லை. இங்கு இரண்டு செய்திகள் நம் கருத்தைக் கவர்கின்றன. முதலாவது, வந்தவர்கள் மாணவர்கள் அல்லர்; ஏற்கெனவே நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். இரண்டாவது, ஸினான் வழங்க வேண்டியிருந்தது ‘தேறினார்’, ‘தேறவில்லை’ என்ற தீர்ப்பு மட்டுமன்று. ஒவ்வொருவரும் மருத்துவத்தில் எந்த எல்லை வரை செயல்படத் தகுதியுடையவர் என்பதை வரையறுத்து, அந்த அளவுக்கே அனுமதி அளிக்க வேண்டும் என்பதே ஆணை.

முதியவரும் அவருடைய மகனும்

அந்தத் தேர்வு நாள்களில் நடந்த ஒரு நிகழ்ச்சியை இப்னுல் கிஃப்தீ, இப்னு அபீ உஸைபிஆ ஆகிய வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்துள்ளனர். நல்லாடை அணிந்த, கம்பீரத் தோற்றமுடைய முதியவர் ஒருவர் ஸினானின் அவைக்கு வந்தார். அவருடைய தோற்றத்தைக் கண்டு ஸினான் அவரைத் தம் அருகில் அமர்த்தி மரியாதை செய்தார். கூட்டம் கலைந்த பின், தாங்கள் யாரிடம் பயின்றீர்கள், தங்களிடமிருந்து நானும் ஏதேனும் கேட்டறிய விரும்புகிறேன் என்று பணிவோடு வினவினார்.

முதியவர் தம் சட்டைக் கையிலிருந்து ஒரு தாள் பொதியை எடுத்து முன்னே வைத்தார். அதனுள் பொற்காசுகள் இருந்தன. தமக்குச் சரியாக எழுதவோ படிக்கவோ தெரியாது என்றும், எந்த நூலையும் தாம் கற்றதில்லை என்றும், ஆனால் குடும்பம் இருக்கிறது, இத்தொழிலே பிழைப்பு, அதைத் துண்டித்துவிட வேண்டாம் என்றும் அவர் வேண்டிக்கொண்டார்.

ஸினான் சிரித்துவிட்டார். பின்னர் ஒரு நிபந்தனை விதித்தார். அறியாத எதையும் கொண்டு நோயாளியிடம் துணியக் கூடாது. எளிய நோய்களுக்கன்றி, இரத்தம் வடிக்கவோ பேதி மருந்து கொடுக்கவோ சொல்லக் கூடாது. முதியவர் மகிழ்ச்சியோடு, ஆரம்ப நாள் முதல் இதுவே தம் வழி என்றும், ஸிகன்ஜபீனையும் ஜுல்லாபையும் தாண்டித் தாம் எதையும் கொடுத்ததே இல்லை என்றும் பதிலளித்தார். ஸிகன்ஜபீன் என்பது காடியும் தேனும் சேர்த்துக் காய்ச்சிய பானம். ஜுல்லாப் என்பது பன்னீரும் சர்க்கரையும் கலந்த பாகு.

மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் பயின்றீர் என்று கேட்டபோது தந்தையிடம் என்றார். தந்தை யார் என்றபோது, நேற்று தங்களிடம் வந்த முதியவர்தாம் என்றார். நீரும் அவர் வழியிலேயே இருக்கிறீரா என்று ஸினான் கேட்டார். ஆம் என்றதும், அதைத் தாண்டிப் போகாதீர் என்று சொல்லி அனுப்பிவைத்தார்.

படிப்போர் புன்னகைக்கும் நிகழ்ச்சி இது. எனினும் நாம் இதை வெறும் பாராட்டாகக் கடந்துவிட இயலாது. நூல் கல்லாத ஒருவரிடம் நோயாளிகளை விட்டுவைத்தது சரிதானா? சர்க்கரைப் பாகு எவரையும் கொல்லாது என்பது உண்மை. ஆனால் வலிமையான மருந்து தேவைப்படும் நோயாளி பாகை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் அதுவும் ஆபத்தே. ஆகவே எல்லையை அறிவது பாதியளவே பாதுகாப்பு. எல்லையைக் கடக்க வேண்டிய இடத்தில் தம்மினும் அறிந்தவரிடம் நோயாளியை அனுப்புவதும், தம் எல்லையைக் கல்வியால் விரிவாக்கிக்கொள்வதும் மறுபாதி.

இல்லாத மருந்தின் பெயர்ப் பட்டியல்

எழுதுபவரைப் போலவே மருந்தை எடுத்துக் கொடுப்பவரும் சோதிக்கப்பட்டார். ஸினானின் காலத்துக்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் முன்பு, பாபக்கின் கிளர்ச்சியை அடக்கச் சென்ற தளபதி அஃப்ஷீனின் பாளையத்தில் மருந்து விற்போர் பலர் இருந்தனர். அவர்களுடைய நேர்மை பற்றிப் பேச்சு வந்தபோது, கலீஃபா மஃமூன் காலத்தில் நடந்த ஒரு சோதனையை மருத்துவர் ஸகரிய்யா அத்தைஃபூரீ அஃப்ஷீனுக்கு எடுத்துரைத்தார். அதைக் கேட்ட அஃப்ஷீன், தம் தாயகமான உஸ்ரூஷனா பகுதியின் ஏடுகளிலிருந்து சுமார் 20 பெயர்களை எடுத்து, அவற்றை மருந்துப் பெயர்கள் போல எழுதி, கடைகளுக்கு ஆள் அனுப்பினார்.

சிலர், இப்படி ஒரு மருந்தை நாங்கள் அறியோம் என்றனர். வேறு சிலர், இருக்கிறதே என்று காசை வாங்கிக்கொண்டு கடையில் கிடந்த எதையோ பொட்டலம் கட்டிக் கொடுத்தனர். அஃப்ஷீன் அனைவரையும் வரவழைத்தார். தெரியாது என்றவர்களுக்குப் பாளையத்தில் தொழில் செய்ய அனுமதி கிடைத்தது. தெரியும் என்றவர்கள் வெளியேற்றப்பட்டனர்.

மார்க்க அறிஞர்களிடமும் இதே பண்பு போற்றப்பட்டது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் தம்மிடம் கேட்கப்பட்ட வினாக்களில் பலவற்றுக்குத் தெரியாது என்று சொல்லத் தயங்காதவர் என்பதை நாம் அறிவோம். அறிவின் குறைவை மறைப்பதே இழிவு. ஒப்புக்கொள்வது அறிஞரின் அடையாளம். மருந்து விடயத்தில் இப்பண்பு இல்லாமற்போனால் அதன் விலையைச் செலுத்துபவர் நோயாளி.

சந்தையும் நூலும் சாட்சியும்

பிற்காலத்தில் இந்தக் கண்காணிப்பு நூல்வடிவம் பெற்றது. 12ஆம் நூற்றாண்டில் சிரியாவில் வாழ்ந்த ஷைஸரீ, முஹ்தஸிப்களுக்காக எழுதிய கையேட்டில் மருந்து விற்போர், பானகம் காய்ச்சுவோர், மருத்துவர், கண் மருத்துவர், எலும்பு ஒட்டுவோர் ஆகியோரைத் தனித்தனியே குறிப்பிடுகிறார். மருத்துவரைச் சோதிக்க ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கின் தேர்வு நூலையும், கண் மருத்துவரைச் சோதிக்க அவரே எழுதிய கண் பற்றிய பத்துக் கட்டுரைகளையும் பயன்படுத்தச் சொல்கிறார். எவருக்கும் தீங்கான மருந்து கொடுப்பதில்லை, நஞ்சு கூட்டுவதில்லை, நோயாளியின் இரகசியத்தை வெளியிடுவதில்லை என்று மருத்துவர்களிடம் உறுதிமொழி வாங்கவும் பணிக்கிறார்.

அபின் போன்ற விலையுயர்ந்த சரக்குகளில் வேறு செடிகளின் சாற்றையும் கோந்தையும் கலந்து விற்போர் அன்றும் இருந்தனர். நீரில் கரைத்தும் மணத்தை முகர்ந்தும் கலப்படத்தைக் கண்டறியும் வழிகளை அந்நூல் சொல்கிறது. அதே வேளையில், பரவலாக அறியப்படாத கலப்பட முறைகளை ஆசிரியர் வேண்டுமென்றே விட்டுவிட்டார். வஞ்சகர் அவற்றைக் கற்றுக்கொள்வாரோ என்ற அச்சமே காரணம்.

அந்நூல் எடுத்துரைக்கும் மற்றொரு வழக்கமும் நம்மை நிறுத்திச் சிந்திக்க வைக்கிறது. முற்காலக் கிரேக்க அரசர்களின் நடைமுறையாக அது சொல்லப்படுகிறது. மருத்துவர் நோயாளியைக் கண்டதும், கேட்டறிந்ததையும் எழுதிக் கொடுத்த மருந்தையும் ஒரு தாளில் பதிய வேண்டும். அதன் படியை அங்கிருப்போரின் சாட்சியத்தோடு குடும்பத்தாரிடம் கொடுக்க வேண்டும். அடுத்தடுத்த நாள்களிலும் இவ்வாறே. நோயாளி குணமடைந்தால் மருத்துவருக்கு ஊதியம். இறந்துவிட்டால், குடும்பத்தார் அந்தச் சீட்டுகளைத் தலைமை மருத்துவரிடம் கொண்டு செல்வர். குறைவோ அலட்சியமோ இல்லை எனக் கண்டால் அதை அவர் அறிவிப்பார். தவறு கண்டால், மருத்துவரிடமிருந்து இரத்த ஈட்டுத்தொகை பெற்றுக்கொள்ளச் சொல்வார். நோயாளியின் குடும்பத்துக்கும் அந்தச் சீட்டில் உரிமை உண்டு என்ற கருத்து எவ்வளவு பழைமையானது என்பதை எண்ணிப் பாருங்கள்!

மருந்தின் செய்முறையும் அளவும் ஆளுக்கு ஆள் மாறக் கூடாது என்பதற்காக ‘அக்ராபாதீன்’ எனப்படும் கூட்டு மருந்து நூல்கள் எழுந்தன. கி.பி. 869இல் மறைந்த ஸாபூர் இப்னு ஸஹ்லின் நூல் மருத்துவமனைகளில் நெடுங்காலம் வழங்கியது. 12ஆம் நூற்றாண்டில் பக்தாதின் அழுதீ மருத்துவமனையில் இருந்த கிறிஸ்தவ மருத்துவர் இப்னுத் தில்மீதின் நூல் அதன் இடத்தைப் பெற்றது. கி.பி. 1260இல் கெய்ரோவில் யூத மருந்தாளுநர் கோஹென் அல்அத்தார், தம் மகனுக்கு வழிகாட்டியாக மருந்துக் கடை நடத்தும் நெறிகளை எழுதினார். முஸ்லிம் நகரங்களில் இந்தக் கல்வியைப் பல சமயத்தாரும் சேர்ந்தே வளர்த்தனர் என்பதையும் நாம் நன்றியோடு நினைவுகூர வேண்டும்.

ஃபிக்ஹு வகுத்த பொறுப்பு

ஆட்சியாளரின் ஆணைக்கு முன்பே இதற்கு மார்க்க அடிப்படை இருந்தது. மருத்துவத்தில் அறியப்படாத ஒருவர் மருத்துவம் செய்து கேடு விளைந்தால் அவரே அதற்குப் பொறுப்பாளர் என்ற கருத்தில் அமைந்த நபிமொழியை அபூதாவூத், நஸாயீ, இப்னு மாஜா ஆகிய தொகுப்புகளில் காண்கிறோம். நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தேன் என்ற சொல் மட்டும் அவரைக் காப்பாற்றாது.

இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள், அறிவும் வயதும் உடைய ஒருவரின் செயலுரிமையைத் தடுப்பதை விரும்பாதவர். ஆயினும் மூவருக்கு மட்டும் தடை விதிக்கலாம் என்றார்: மார்க்கத்தோடு விளையாடும் முஃப்தி, அறியாமையுடைய மருத்துவர், சவாரி விலங்கு இல்லாமலேயே வாடகைப் பணம் வாங்கும் நொடித்துப்போன வாடகைக்காரர். முதலாமவர் மக்களின் மார்க்கத்தையும், இரண்டாமவர் உடல்களையும், மூன்றாமவர் பொருளையும் கெடுக்கிறார் என்று அறிஞர்கள் விளக்கினர்.

ஹிஜ்ரி 751இல் மறைந்த இப்னுல் கைய்யிம் (ரஹ்) மருத்துவரின் பொறுப்பை ஐந்து வகையாகப் பிரித்துப் பேசுகிறார். அவற்றுள் நான்காம் வகை நம் பொருளோடு நேரடியாகத் தொடர்புடையது. தேர்ந்த மருத்துவர் தம் அறிவைச் செலுத்தி ஒரு மருந்தை எழுதுகிறார். ஆனால் முடிவு பிழையாகி நோயாளி இறந்துவிடுகிறார். இந்நிலையில் ஈட்டுத்தொகையைப் பைத்துல் மால் எனும் பொதுக் கருவூலம் தர வேண்டும் என்பது ஒரு கருத்து. மருத்துவரின் குலத்தார் தர வேண்டும் என்பது மற்றொரு கருத்து. இரண்டிலும் பாதிக்கப்பட்ட குடும்பம் வெறுங்கையோடு விடப்படவில்லை. முறையாக உழைத்த மருத்துவரும் குற்றவாளியாக்கப்படவில்லை. அறியாமல் துணிந்தவரையும் அறிந்து தவறியவரையும் சட்டம் வேறுபடுத்திப் பார்த்தது.

இன்றைய தேர்வுக் கூடங்கள்

இக்கால ஆய்வுகளும் அதே இடத்துக்கே நம்மை அழைத்து வருகின்றன. பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சிலின் வேண்டுகோளின்படி நடந்து, 2009இல் வெளியான ஆய்வு ஒன்று வடமேற்கு இங்கிலாந்தின் 19 மருத்துவமனைகளில் 1,24,260 மருந்துக் குறிப்புகளைப் பரிசீலித்தது. 8.9 விழுக்காட்டில் பிழை இருந்தது. பட்டம் பெற்று முதலாம் ஆண்டில் இருந்தவர்களின் பிழை 8.4 விழுக்காடு, இரண்டாம் ஆண்டினரின் பிழையோ 10.3 விழுக்காடு. மூத்த நிபுணர்களும் 5.9 விழுக்காடு பிழை செய்திருந்தனர். பெரும்பாலானவை நோயாளியைச் சென்றடையும் முன்பே, முக்கியமாக மருந்தாளுநர்களால், தடுக்கப்பட்டன. எந்த நிலையில் இருப்பவரும் பிழைக்கு அப்பாற்பட்டவர் அல்லர் என்பதும், அனுபவம் கூடியதும் பிழை தானாகக் குறைந்துவிடுவதில்லை என்பதும் இதிலிருந்து தெளிவாகின்றன.

அதன் பின் அந்நாட்டில் மருத்துவம் முடிக்கும் மாணவர்களுக்குப் பாதுகாப்பாக மருந்து எழுதுவதற்கென்றே 2 மணி நேரத் தேர்வு வந்தது. அளவைக் கணக்கிடுதல், ஒரு மருந்தோடு மற்றொன்று மோதுவதை அறிதல், எழுதப்பட்ட சீட்டில் பிழை காணுதல், நோயாளிக்கு விளக்குதல் ஆகியன அதில் சோதிக்கப்படுகின்றன. 2006 முதல் செவிலியரும் மருந்தாளுநரும் தாமே மருந்து எழுதும் விரிவான உரிமை பெற்றனர். அதற்கு அவர்கள் தனிப் பயிற்சியும் மேற்பார்வையின் கீழ்ச் செயல்முறையும் முடிக்க வேண்டும். அதன் பிறகும் தம் தேர்ச்சியின் எல்லைக்குள் மட்டுமே எழுத வேண்டும் என்பது விதி. ஸினான் அந்த இளைஞரிடம் சொன்னது இங்கே சட்டத்தின் மொழியில் ஒலிக்கிறது.

உலக சுகாதார நிறுவனமும் மருந்தால் விளையும் தவிர்க்கக்கூடிய தீங்கைப் பாதியாகக் குறைக்கும் இயக்கத்தை 2017இல் தொடங்கியது. மருந்துப் பிழைகளால் உலகுக்கு ஆண்டுதோறும் ஏற்படும் செலவு 4,200 கோடி அமெரிக்க டாலர் என அது மதிப்பிட்டது. நம் நாட்டில் மருந்தின் பொதுப் பெயரைத் தெளிவாக, இயன்றவரை பெரிய எழுத்துகளில் எழுத வேண்டும் என்று மருத்துவக் கவுன்சிலின் விதி 2016இல் திருத்தப்பட்டது. மருந்தால் ஏற்படும் பக்கவிளைவுகளைத் திரட்டும் தேசியத் திட்டம் 2010 முதல் இயங்கிவருகிறது.

இப்பயிற்சி நம் வீடுகளை நேரடியாகத் தொடும் இடம் ரமளான். 13 நாடுகளில் 12,243 நீரிழிவு நோயாளிகளிடம் 2001இல் நடத்தப்பட்ட ஆய்வு, நோன்பு மாதத்தில் இரத்தச் சர்க்கரை கடுமையாகத் தாழ்ந்துபோகும் நிகழ்வுகள் பல மடங்கு கூடுவதைக் காட்டியது. காலை மாத்திரையை ஸஹருக்கும் இரவு மாத்திரையை இஃப்தாருக்கும் நாமாகவே மாற்றிக்கொள்வது போதுமானதன்று. எந்த மருந்தின் அளவைக் குறைப்பது, எதை நேரம் மாற்றுவது, எவர் நோன்பு நோற்கவே கூடாது என்பதை முடிவு செய்ய மருத்துவருக்கும் தனிக் கல்வி தேவை. அதற்கென்றே பன்னாட்டு நீரிழிவுக் கூட்டமைப்பு 2016இல் வழிகாட்டி நூல் வெளியிட்டு, 2021இல் அதைப் புதுப்பித்தது.

நம் வீடுகளுக்கு

பக்தாத் தேர்வின் வரலாற்றைப் பெருமை பேசுவதற்காக மட்டும் நாம் படிக்கவில்லை. நம் பிள்ளைகளில் எத்தனையோ பேர் இன்று மருத்துவர்களாகவும் மருந்தாளுநர்களாகவும் செவிலியராகவும் பணிபுரிகின்றனர். பட்டம் பெற்ற அன்றே கல்வி முடிந்துவிட்டதாக அவர்கள் எண்ணாதிருக்கட்டும். மேற்பயிற்சிக்கும் மறுதேர்வுக்கும் உட்படுவதை அவமானமாகக் கருதாதிருக்கட்டும். சீட்டில் ஐயம் எழுந்து கேள்வி கேட்கும் மருந்தாளுநரைக் கடிந்துகொள்ளாமல், ஓர் உயிரைக் காக்க உதவியவராக மதிக்கட்டும்.

குடும்பத்தாராகிய நமக்கும் பங்கு உண்டு. மருத்துவரிடம் செல்லும்போது, வீட்டில் உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும், யூனானி, நாட்டு மருந்து உட்பட, பட்டியலிட்டுக் கொண்டுசெல்வோம். முன்பு எந்த மருந்து ஒவ்வாமற்போனது என்பதைச் சொல்வோம். சீட்டு புரியவில்லையெனில் கூச்சமின்றிக் கேட்போம். அண்டை வீட்டாருக்கு எழுதிய மருந்தை அதே நோய்தானே என்று நாம் விழுங்காதிருப்போம். ரமளானுக்குச் சில வாரங்கள் முன்பே நோன்பு பற்றி மருத்துவரிடம் பேசுவோம். எனக்கு இது தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன் என்று ஒரு மருத்துவர் சொன்னால், அவரைத் திறமையற்றவர் என்று தூற்றிவிட்டு உடனே மாத்திரை எழுதித் தரும் வேறொருவரைத் தேடி ஓடாதிருப்போம். அஃப்ஷீனின் பாளையத்தில் அனுமதி பெற்றவர்கள் அவரைப் போன்றவர்களே.

உயிரும் உடலும் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதங்கள். அவற்றைத் தொடும் ஒவ்வொரு மருந்துச் சீட்டும் அந்த அமானிதத்தின் பகுதியே. எழுதுவோருக்கும் எடுத்துக் கொடுப்போருக்கும் பயன்தரும் கல்வியையும், தம் எல்லையை அறியும் பணிவையும் வல்லோன் வழங்குவானாக. நம் நோயாளிகள் அனைவருக்கும் ஷிஃபாவை அருள்வானாக. ஆமீன்.